பிரித்தறிந்த குருதியும் பிரிந்து நிற்கும் மாந்தரும்

நம் மக்கள் பேச்சில் 'ரத்தம்' என்னும் சொல் அடிபடுமளவு வேறொரு சொல் அடிபடுமோ என்பது ஐயமே. பெண் கேட்டு வந்தவரிடம் "எங்கள் ரத்தத்தில் கலப்பில்லை" என்கிறோம். சொத்துத் தகராற்றில் "சொந்த ரத்தமே இப்படிச் செய்யலாமா?" என்கிறோம். ஒருவன் முன்கோபியாயின் "அவன் குடும்பத்து ரத்தம் அப்படி" என்று தீர்ப்புக் கூறிவிடுகிறோம். ஒரே கப்பலில் கடல் கடந்து வந்து, ஒரே லயத்தில் குடியிருந்து, ஒரே மணியோசைக்குப் பெரட்டில் நின்ற நம் முன்னோர், ஊரில் விட்டுவர வேண்டியவற்றுள் இந்த ரத்தப் பெருமையை மட்டும் விட்டுவர மறந்தனர். ஆயின், அந்த ரத்தத்துள் இருப்பது யாது? அதனுள் எது எதினின்று வேறானது? அவ்வேற்றுமையை மனிதன் எவ்வாறு கண்டறிந்தான்? இவ்வாறு கேட்டவர் நம்முள் மிகச் சிலரே.

குருதியிலிருந்து ஒருவகை வெள்ளணுவை மட்டும் தனியே பிரித்தெடுத்து ஆராயும் கலை எவ்வாறு வளர்ந்தது என்பதை ஈண்டு எடுத்துரைக்கக் கருதுகின்றோம். இது வைத்தியர்க்கே உரிய செய்தி என்று வாசகர்கள் ஒதுக்கிவிடலாகாது. இரத்தத்தை மெய்யாகவே பிரித்துப் பார்த்தவர்கள் கண்ட உண்மை, இரத்தத்தின் பெயரால் மனிதரைப் பிரித்து வைப்பவர்கள் சொல்லும் கதைக்கு நேர்மாறானது. இதனை வாதத்தால் அன்றி வரலாற்றால் காட்டுவதே நமது நோக்கம்.

ஒரு துளியின் கணக்கு

சிறு கடுகளவே உள்ள ஒரு கன மில்லிமீட்டர் குருதியில் ஏறத்தாழ 50 லட்சம் செவ்வணுக்கள் மிதக்கின்றன. அதே துளியில் வெள்ளணுக்களோ 4,000 முதல் 11,000 வரையே உள்ளன. அதாவது, அறுநூறு எழுநூறு செவ்வணுக்களுக்கு நடுவே ஒரு வெள்ளணு. செவ்வணு மூச்சுக் காற்றைச் சுமக்கும் கூலியாள்; வெள்ளணு நோயை எதிர்க்கும் காவலாள்.

அக்காவலாளரும் ஒரே வகையினர் அல்லர். நூறு வெள்ளணுக்களை எண்ணினால், ஐம்பது முதல் எழுபது வரை நியூட்ரோபில் என்னும் வகை. அவை நோய்க்கிருமிகளை விழுங்கி அழிப்பவை. இருபது முதல் நாற்பது வரை லிம்போசைட்டு எனப்படும் நிணவணுக்கள். எஞ்சியவை மானோசைட்டு, இயோசினோபில், பேசோபில் என்னும் மூவகையும் சேர்ந்தவை. நமது வரலாற்றின் கதாநாயகன் இவற்றுள் நிணவணுவேயாம். நெடுங்காலம் வேலையற்றவன் என்று ஒதுக்கப்பட்டுப் பின்னர் உடலைக் காக்கும் படைக்கே தலைவன் என்று தெரியவந்தவன் அவன்.

சாயமேற்றிக் கண்ட அறிஞர்

வெள்ளணுக்களை வகைப்படுத்தி முதலில் காட்டியவர் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக். துணிக்கு நிறமேற்றவென்று கரித்தாரிலிருந்து புதிய புதிய சாயங்கள் ஆக்கப்பட்ட காலம் அது. எர்லிக் அச்சாயங்களைக் கண்ணாடித் தகட்டில் உலர்த்திய குருதித் துளியின்மீது ஏற்றி, மைக்ராஸ்கோப்பு என்னும் பூதக்கண்ணாடியால் நோக்கினார். ஒரே மாதிரியாகத் தெரிந்த வெள்ளணுக்கள், சில சிவப்பும் சில நீலமும் ஏற்று, வெவ்வேறு வகையினவாய்ப் பிரிந்து தோன்றின. 1879-ம் ஆண்டில் அவர் வெளியிட்ட இம்முறையின் வழிவந்ததே இன்று எந்த மருத்துவமனையிலும் நடைபெறும் இரத்தச் சோதனை.

1882-ம் ஆண்டில் இத்தாலியின் மெசினா நகரில் ருஷ்ய அறிஞர் இலியா மெச்னிகாப் கடல் நட்சத்திரத்தின் இளம் உயிரியுள் ஒரு ரோஜா முள்ளைச் செருகி வைத்தார். மறுநாள் நோக்கியபோது, நகரும் அணுக்கள் முள்ளைச் சூழ்ந்து நின்றன. புகுந்த பகையை விழுங்கும் அணுக்கள் உடலில் உள என்பது இதனால் விளங்கிற்று. இவ்விருவருக்கும் 1908-ம் ஆண்டில் நோபல் பரிசு ஒருங்கே வழங்கப்பட்டது.

எர்லிக் பிறப்பால் யூதர். அவர் 1915-ல் மறைந்தார். இருபதே ஆண்டுகளுக்குப் பின், 1935-ல், அவர் பிறந்த நாட்டிலேயே 'ஜெர்மானிய இரத்தத்தையும் ஜெர்மானிய மானத்தையும் காக்கும் சட்டம்' என்ற பெயரில் ஒரு கொடுஞ்சட்டம் பிறந்தது. யூதரும் ஜெர்மானியரும் மணம் செய்துகொள்வது அதனால் குற்றமாயிற்று. குருதியை உள்ளபடி நோக்கும் வழியை உலகிற்குக் கற்பித்தவருடைய இனத்தாரே தீய குருதியினர் என்று முத்திரை குத்தப்பட்டனர்! ஜெர்மனியைப் பழித்து அமெரிக்காவைப் போற்றுவதற்கும் இடமில்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் 1941-ல் கறுப்பர் தந்த குருதியை ஏற்க மறுத்தது. 1942 முதல் ஏற்றுக்கொண்டும் தனிப் புட்டிகளில் அடையாளமிட்டு ஒதுக்கி வைத்தது. இவ்வழக்கம் 1950-ல்தான் ஒழிந்தது. இத்தனைக்கும் அந்நாட்டில் குருதியின் நீர்ப்பகுதியைச் சேமித்துப் போர்க்களத்துக்கு அனுப்பும் வேலையை முன்னின்று ஒழுங்குபடுத்திய டாக்டர் சார்லஸ் ட்ரூ ஒரு கறுப்பர்!

அவரையும் ரப்பர்ப் பாலும்

நிற்க. சாயம் ஏற்றிய அணு செத்த அணு. அதன் உருவம் தெரியுமேயன்றி அதன் தொழில் தெரியாது. ஓர் அணு என்ன செய்கிறது என்று அறிய வேண்டின், அதனை உயிரோடு, ஏனைய அணுக்களின் கலப்பின்றித் தனியே எடுத்தல் வேண்டும். அறுநூறு செவ்வணுக்களுக்கு நடுவே கிடக்கும் ஒன்றைப் பழுதின்றிப் பிரிப்பதெங்ஙனம்?

முதலில் கைகொடுத்தது ஒரு சமையல் சரக்கு. சிவப்பு பீன்ஸ் விதையின் சாற்றைக் குருதியில் சேர்த்தால் செவ்வணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளாகி அடியில் படியும். வெள்ளணுக்கள் மேலே நிற்கும். 1949-ல் இம்முறை வெளியாயிற்று. பதினோராண்டுகளுக்குப் பின், 1960-ல், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவல் என்பார் ஒரு வியப்பைக் கண்டார். அவ்விதைச் சாறு பட்ட நிணவணுக்கள் பருத்து, இரண்டிரண்டாகப் பிளந்து பெருகத் தொடங்கியிருந்தன. தன் ஆயுளின் இறுதியில் நிற்கும் பயனற்ற அணு என்று எண்ணப்பட்டது, தக்க தூண்டுதல் கிடைத்ததும் எழுந்து வேலை செய்தது. பிரிப்பதற்காகச் சேர்த்த பொருளே அணுவின் ஆற்றலையும் காட்டிக்கொடுத்தது.

இதே காலத்தில் ஆக்ஸ்போர்டில் ஜேம்ஸ் கோவன்ஸ் என்பவர் எலியின் மார்பு நாளத்திலிருந்து நிணநீரை வடித்து நோக்கி, நிணவணுக்கள் குருதியிலிருந்து நிணநீருக்கும், நிணநீரிலிருந்து குருதிக்கும் ஓயாது சுற்றிவருவதையும், அவற்றை இழந்த எலி நோயெதிர்ப்பில் தளர்வதையும் நிறுவினார்.

எனினும், எந்த ஆய்வுக்கூடத்திலும் எளிதாகச் செய்யத்தக்க முறையைத் தந்தவர் நார்வே நாட்டு ஆர்னே போயும். அவர் 1968-ல் வெளியிட்ட முறையை நம் தோட்டத்து வாசகர்கள் எளிதில் விளங்கிக்கொள்வர். ரப்பர் மரத்திலிருந்து வடியும் பாலில் நூற்றுக்கு முப்பது பங்களவே ரப்பர் உள்ளது. அப்பாலை விரைந்து சுழலும் இயந்திரத்தில் இட்டால், கனமான நீர் வெளிப்புறமும் இலேசான ரப்பர் உட்புறமுமாகப் பிரிந்து, நூற்றுக்கு அறுபது பங்கு ரப்பருள்ள கெட்டிப்பால் கிடைக்கிறது. இதே நியதியைப் போயும் குருதியில் கையாண்டார். சர்க்கரையிலிருந்து ஆக்கிய ஒரு பொருளையும் எக்ஸ்ரே படமெடுக்க உடலிற் செலுத்தும் ஒரு மருந்தையும் கலந்து, தண்ணீரைவிடச் சற்றே கனமான, 1.077 அடர்த்தியுள்ள ஒரு நீர்மம் செய்தார். அதன்மேல் குருதியை மெல்ல வார்த்துச் சுழற்றினால், கனத்த செவ்வணுக்களும் நியூட்ரோபில்களும் நீர்மத்தைக் கடந்து அடியில் இறங்கும்; இலேசான நிணவணுக்களும் மானோசைட்டுகளும் நீர்மத்தின் மேல் வெண்மையான வளையமாக நிற்கும். அவ்வளையத்தைச் சிறு குழாயால் உறிஞ்சி எடுத்துவிடலாம். அரைநூற்றாண்டுக்கு மேலாகியும் இம்முறை உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் வழங்குகிறது.

தோற்றம் ஒன்று, தொழில் வேறு

எடையால் பிரித்தாயிற்று. ஆனால் அவ்வெண்வளையத்திலுள்ள நிணவணுக்கள் எல்லாம் ஒரே வகையினவோ? பூதக்கண்ணாடி 'ஆம்' என்றது. உண்மை 'இல்லை' என்றது.

இதற்கு முதல் சான்று கோழியிடமிருந்து வந்தது. 1956-ல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் புரூஸ் கிளிக்கும் அவர் தோழர்களும், கோழியின் வாலடியிலுள்ள ஒரு சிறு பையை அறுத்தெடுத்தால் அக்கோழியின் குருதியில் நோயெதிர்ப்புப் பொருள் உண்டாவதில்லை என்று வெளியிட்டனர். கோழி வளர்ப்புப் பற்றிய இதழொன்றில் வந்தமையால் பெரிய அறிஞர்கள் இதனை நெடுநாள் கவனிக்கவில்லை. 1961-ல் லண்டனில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஜாக் மில்லர், மார்பெலும்பின் பின்னுள்ள தைமஸ் சுரப்பியை எலிக் குஞ்சிலிருந்து நீக்கினால் அதன் நோயெதிர்ப்பு குலைகிறது என்று காட்டினார். 1960-களின் முடிவுக்குள் இரு வகைகள் தெளிவாயின. தைமஸில் பயிற்சி பெறுபவை 'டி' அணுக்கள். கோழியின் அப்பையிலும் மனிதனின் எலும்பு மஜ்ஜையிலும் முதிர்பவை 'பி' அணுக்கள். பி அணு நோயெதிர்ப்புப் பொருளைச் சுரக்கும். டி அணுக்களுள் சில நோயுற்ற அணுவைக் கொல்லும். சில ஏனைய அணுக்களை ஏவி வேலை வாங்கும். பின்னவற்றுக்கு உதவியணு என்று பெயர். உருவத்தில் இவை யாவும் ஒன்றே. தொழிலில் மட்டுமே வேற்றுமை.

உருவம் காட்டாத வேற்றுமையைப் பிடிக்க ஒரு கருவி வேண்டியிருந்தது. 1970-ம் ஆண்டையொட்டி அறிஞர்கள் ஆட்டின் செவ்வணுக்களைப் பயன்படுத்தினர். மனிதனின் டி அணுவைச் சுற்றி அவை ரோஜா இதழ்போல ஒட்டிக்கொள்ளும்; பி அணுவில் ஒட்டா. ஒட்டியவற்றைச் சுழற்றி இறக்கினால் டி அணுக்கள் வேறாகும். பின்னர் 1975-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் கோலரும் சேசர் மில்ஸ்டைனும், ஒரே ஒரு குறியை மட்டும் அறிந்து ஒட்டும் தூய நோயெதிர்ப்புப் பொருளை வேண்டுமளவு ஆக்கும் வழியைக் கண்டனர். இதற்காக அவர்கட்கு 1984-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஒவ்வொரு வகை வெள்ளணுவின் மேற்புறத்திலுமுள்ள தனிக்குறியைத் தேடிச்சென்று ஒட்டும் கருவி இவ்வாறு கைவந்தது. உதவியணுவின் குறிக்கு சி.டி.4 என்று பெயரிட்டனர்.

அந்நோயெதிர்ப்புப் பொருளில் ஒளிரும் சாயத்தை இணைத்தால், அணுக்களை ஒவ்வொன்றாக ஒரு நுண்ணிய நீர்த்தாரையில் ஓடவிட்டு, ஒளிர்வதையும் ஒளிராததையும் மின்சாரத்தால் வெவ்வேறு குழாயில் விழச் செய்யலாம். 1965-ல் மேக் புல்வைலரும், பின்னர் ஸ்டான்போர்டில் லெனார்டு ஹெர்சன்பெர்க்கும் ஆக்கிய இயந்திரங்கள் இவ்வழியின. நொடிக்கு ஆயிரக்கணக்கான அணுக்களை அவை ஆய்ந்து பிரித்தன. சாயத்துக்கு ஈடாக நுண்ணிய இரும்பு மணியை இணைத்தால் காந்தமே வேண்டிய அணுவை இழுத்துக்கொள்ளும். 1990-ல் ஜெர்மனியில் ஸ்டெபான் மில்டெனி வெளியிட்ட காந்த முறை இத்தகையது. குருதி தந்த மனிதன் யார் மகன் என்று இக்கருவிகளுள் ஒன்றேனும் கேட்பதில்லை.

ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்

இவ்விடத்தே ஒரு வருணாசிரமப் பற்றாளர் எழுந்து, "பார்த்தீரா? குருதிக்குள்ளேயே இயற்கை நால்வகைத் தொழிலைப் பிரித்து வைத்திருக்கிறது. சமூகத்திலும் அவ்வாறே அவரவர்க்கு ஒரு கடமை" என்று சொல்லக்கூடும். உடலுறுப்பை உவமை காட்டிப் பிறவிப் பிரிவை நிலைநாட்டுவது அவர்கட்குப் பழைய வழக்கம். அவர்கட்கு விடை கூறவும் இக்கலையே உதவுகிறது.

1961-ல் கனடாவின் டொராண்டோ நகரில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மக்கல்லக் என்னும் இருவர், கதிர்வீச்சால் குருதி உற்பத்தி அழிந்த எலிகளுக்கு வேறு எலியின் எலும்பு மஜ்ஜையைச் செலுத்தினர். அவ்வெலிகளின் மண்ணீரலில் சிறு சிறு முடிச்சுகள் தோன்றின. ஒரு முடிச்சு முழுவதும் ஒரே அணுவின் சந்ததி என்பதும், அதற்குள்ளேயே பல்வேறு வகைக் குருதியணுக்கள் பிறந்திருப்பதும் தொடர்ந்த ஆய்வுகளால் தெளிவாயின. 1988-ல் ஸ்டான்போர்டில் இர்விங் வைஸ்மன் குழுவினர், நாம் மேலே கூறிய ஒளிச்சாய இயந்திரத்தைக் கொண்டே எலியின் மஜ்ஜையிலிருந்து அத்தாய் அணுவைத் தனியே பிரித்தெடுத்தனர். செவ்வணு, கிருமியை விழுங்கும் அணு, டி அணு, பி அணு ஆகிய யாவும் அவ்வொரு தாயணுவின் வழித்தோன்றல்களே.

வருணம் என்ன சொல்கிறது? ஒருவன் தலையில் பிறந்தான், ஒருவன் காலில் பிறந்தான், ஆதலால் தொழிலும் வேறு என்கிறது. குருதி என்ன சொல்கிறது? பிறப்பு ஒன்றே, பயிற்சியாலும் தேவையாலும் தொழில் வேறுபட்டது என்கிறது. இவ்விரண்டும் ஒன்றாகுமோ?

'சொந்த ரத்தம்' என்னும் பெருமையையும் வெள்ளணுவே சோதித்து வைத்திருக்கிறது. 1958-ல் பாரிஸ் நகர டாக்டர் ஜான் டாசே வெள்ளணுவின்மேல் ஒரு குறியைக் கண்டறிந்தார். எலும்பு மஜ்ஜையை ஒருவரிடமிருந்து மற்றவர்க்கு மாற்றுகையில் இத்தகைய குறிகளே பொருந்தி வரவேண்டும். பெற்ற தாயினுடையவும் தந்தையினுடையவும் குறிகள் பிள்ளைக்குப் பெரும்பாலும் பாதியே பொருந்துகின்றன. உடன்பிறந்தவரிடம் முழுதும் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அவ்வாறு பொருந்தாத நோயாளிகள் பலர், முகமறியாத அயலார் தந்த மஜ்ஜையால் உயிர் பிழைத்து வாழ்கின்றனர்.

உதவியணு மறைந்த நோய்

இத்தனை ஆண்டுகள் ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த இக்கலை, 1981-ல் மனிதகுலத்துக்கு வந்த ஒரு பேரிடரில் உரைத்துப் பார்க்கப்பட்டது. அவ்வாண்டு ஜூன் 5-ம் நாள், லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஐந்து இளைஞர்க்கு அரிதான ஒரு நுரையீரல் நோய் கண்டதாக அமெரிக்க அரசாங்க அறிக்கை வெளிவந்தது. அவர்களுள் இருவர் அதற்குள் இறந்துவிட்டனர். டாக்டர் மைக்கேல் காட்லீப் குழுவினர் அத்தகைய நோயாளிகளின் வெள்ளணுக்களைப் புதிய நோயெதிர்ப்புப் பொருள் கொண்டு வகை பிரித்து எண்ணினர். உதவியணுக்கள் பெரும்பாலும் அற்றுப்போயிருந்தன. படையில் வீரர்கள் இருந்தனர், ஏவுவோர் இல்லை. கோலரும் மில்ஸ்டைனும் தந்த கருவி ஆறாண்டுகள் முன்னதாகக் கிடைத்திராவிடில், இந்நோயின் இலக்கு இன்னதென்று அத்துணை விரைவில் விளங்கியிராது.

1983-ல் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் பிரான்சுவாஸ் பாரே-சினூசி அம்மையாரும் லுக் மொந்தானியேயும் ஒரு நோயாளியின் நிணக்கட்டியிலிருந்து அணுக்களைப் பிரித்து வளர்த்து, அவற்றில் ஒரு புதிய வைரஸின் தடயத்தைக் கண்டனர். வளர்த்த அணுக்கள் சாகத் தொடங்கின. உடனே நோயற்ற ஒருவர் தானம் செய்த குருதியிலிருந்து பிரித்த நிணவணுக்களைச் சேர்த்து வைரஸைக் காப்பாற்றி ஆராய்ந்தனர். எச்.ஐ.வி. என்று பின்னர் பெயர் பெற்றது அதுவே. 2008-ல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர்.

இந்நோயைக் கண்டு உலகம் நடந்துகொண்ட முறை வெட்கத்துக்குரியது. இது பாவத்தின் சம்பளம் என்றனர் சிலர். அந்நிய நாட்டு நோய், நம் நாட்டுக்கு வாராது என்றனர் சிலர். கற்பும் கலாசாரமும் தம்மைக் காக்கும் என்று இந்தியாவிலும் பலர் இறுமாந்திருந்தனர். அவ்விறுமாப்பை உடைத்தவர்கள் சென்னையின் இரு பெண்மணிகள்.

சென்னை, 1986

சென்னை மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமன் அம்மையார், தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் எச்.ஐ.வி. தமிழ்நாட்டில் உண்டா என்று ஆராயுமாறு கூறினார். நிர்மலா சிறைப்படுத்தப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர் முதலியோரிடமிருந்து எண்பதுக்கு மேற்பட்ட இரத்த மாதிரிகளைத் திரட்டினார். கையுறை இல்லை, பாதுகாப்புக் கருவி எதுவும் இல்லை. பிரித்த மாதிரிகளைத் தம் வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்திருந்தார். சென்னையில் சோதனை வசதி இன்மையால், 1986 பிப்ரவரியில் அவற்றை ஐஸ் பெட்டியில் வைத்துக் கணவருடன் ரயிலேறி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுசென்றார். ஆறு மாதிரிகள் மஞ்சள் நிறங்காட்டின. மீண்டும் சோதித்தும், பின்னர் அமெரிக்காவில் சரிபார்த்தும் முடிவு மாறவில்லை. அவ்வாண்டு மே மாதம் தமிழ்நாட்டுச் சுகாதார மந்திரி எச்.வி. ஹண்டே சட்டசபையில் அறிவித்தார்.

இவ்வரலாற்றில் நாம் மறைக்கலாகாத ஒன்று உண்டு. தம் குருதி எதற்காக எடுக்கப்படுகிறது என்பது அப்பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. ஒரு தேசமே விழித்துக்கொள்ளக் காரணமான குருதியைத் தந்தவர்கள், பூட்டிய கதவுக்குள் இருந்த ஏழைப் பெண்கள். கேட்டறியும் உரிமையும் மறுத்துக்கூறும் உரிமையும் அவர்கட்கும் உண்டென்று அன்று எவருக்கும் தோன்றவில்லை. கொடுப்பவர் அறிந்து இசைந்தாலன்றி ஒரு துளியும் எடுத்தலாகாது என்பது இன்று ஆராய்ச்சி அறம். அவ்வறத்தின் அருமையை அவர்கள் கதை நமக்கு உணர்த்துகிறது.

கமுந்திங்கின் பங்கு

நிர்மலாவுக்கு இல்லாதிருந்த கையுறை, கமுந்திங் வாசகர்கட்குப் புதிய பொருள் அன்று. நம் ஊரின் வரலாறே மனிதரைப் பிரித்து வைத்ததில் தொடங்குகிறது. லாருட் ஈய வயல்களுக்காகப் போரிட்ட இரு சீனக் கூட்டங்களுள், 1874 பங்கோர் உடன்படிக்கைக்குப் பின் ஹாய் சான் கூட்டத்தார் தைப்பிங்கிலும் கீ ஹின் கூட்டத்தார் கமுந்திங்கிலுமாகப் பிரித்து இருத்தப்பட்டனர். ஈயம் குறைந்தது; ரப்பர் வந்தது; நம்மவர் வந்தனர்.

1987-ல் அமெரிக்கச் சுகாதார அதிகாரிகள், எந்நோயாளியின் குருதியைத் தொடுவதாயினும் கையுறை அணிக என்று விதித்தனர். நல்லவர் குருதி, கெட்டவர் குருதி என்று ஆராய வேண்டாம். எல்லாருடைய குருதிக்கும் ஒரே காப்பு என்பதே அவ்விதியின் சாரம். இதனால் ரப்பர்க் கையுறைக்கு உலகெங்கும் பெருந்தேவை எழுந்தது. மலேசியாவில் 1988-ஐ ஒட்டிக் கையுறை ஆலைகள் புற்றீசல்போல் கிளம்பின. பல விரைவில் மூடப்பட்டன. நிலைத்தவை நாட்டை உலகின் முதன்மையான கையுறை ஏற்றுமதி நாடாக்கின. கமுந்திங் தொழிற்பேட்டையிலும் அத்தகைய ஆலைகள் எழுந்தன. விடியுமுன் பால்மரம் வெட்டிய கையின் உழைப்பு, சுழற்றிக் கெட்டியாக்கிய பாலாகி, கையுறையாகி, எங்கோ ஓர் ஆய்வுக்கூடத்தில் வெள்ளணுவைப் பிரிக்கும் கையைக் காத்தது. அக்குருதி யாருடையது என்று நம் ரப்பரும் கேட்டதில்லை.

எண்ணி மீட்ட உயிர்கள்

நலமுள்ள ஒருவர்க்கு ஒரு கன மில்லிமீட்டர் குருதியில் 500 முதல் 1,500 வரை உதவியணுக்கள் இருக்கும். எச்.ஐ.வி. அவற்றை ஆண்டுதோறும் குறைத்துக்கொண்டே வரும். 200-க்குக் கீழிறங்கின் உயிருக்கு ஆபத்து. ஆதலின் அணுவை எண்ணுவதே நோயாளியின் நிலையறியும் வழியாயிற்று. 2003-ல் உலகச் சுகாதார நிறுவனம் 200-க்குக் கீழ் மருந்து தருக என்றது. 2010-ல் 350 என்றது. 2013-ல் 500 என்றது. 2015-ல் எண்ணிக்கை எதுவாயினும், நோய் அறிந்தவுடனே மருந்து தருக என்றது.

மருந்தின் விலையோ ஏழைகட்கு எட்டாததாயிருந்தது. மேனாட்டில் ஆண்டொன்றுக்குப் பதினாயிரம் டாலருக்கு மேற்பட்ட மருந்தை, இந்தியாவின் சிப்லா நிறுவனம் 2001-ல் 350 டாலருக்குத் தர முன்வந்தது. 2004 ஏப்ரலில் இந்திய அரசாங்கம் இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியது. சுனிதி அம்மையார் 1993-ல் தம் தந்தையார் பெயரால் சென்னையில் நிறுவிய வை.ஆர்.ஜி. கேர் நிலையத்தின் ஆய்வாளர்களும் 2004-ல், விலையுயர்ந்த இயந்திரமின்றிச் சாதாரணப் பூதக்கண்ணாடியாலேயே உதவியணுவை எண்ணும் மலிவான முறையைச் சோதித்து வெளியிட்டனர். மலேசியாவில் முதல்நிலை மருந்து அரசாங்க மருத்துவமனைகளில் குடிமக்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடென்று 2018-ல் உலகச் சுகாதார நிறுவனம் நம் நாட்டுக்குச் சான்றளித்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் அச்சான்றைப் பெற்ற முதல் நாடு மலேசியாவே. தவறாது மருந்துண்டு, குருதியில் வைரஸ் காணவொண்ணாத அளவுக்கு இறங்கியவரிடமிருந்து உடலுறவாலும் இந்நோய் பிறர்க்குப் பரவுவதில்லை என்பது இன்று ஐயமறத் தெளிந்த உண்மை.

விஞ்ஞானம் இத்தனை செய்தும் நாம் செய்வதென்ன? சோதனைக்குச் செல்ல நாணுகின்றோம். நோயுற்றவர் குடித்த குவளையைத் தனியே கவிழ்த்து வைக்கின்றோம். சேர்ந்து உண்பதாலோ, தொடுவதாலோ, கொசு கடிப்பதாலோ இந்நோய் பரவாது. இது தெரிந்த பின்னும் தனிக்குவளை வைப்போமாயின், அக்குவளை நமக்கு எங்கிருந்து வந்தது? ஊரில் தேநீர்க்கடை வாயிலில் தாழ்த்தப்பட்டோர்க்கென்று தொங்கவிட்ட அதே தனிக்குவளையன்றோ அது!

சுனிதி அம்மையார் மராட்டியக் குடும்பத்தில் தோன்றித் தமிழ்க் கிறிஸ்தவர் ஒருவரை மணந்தவர். 2015 ஜூலையில் மறைந்த அவருக்கு 2017-ல் இந்திய அரசாங்கம் பத்மஸ்ரீ விருதளித்தது. அவர் செய்த பணிகளுள் நம் மனத்தை மிகவும் கவர்வது ஒன்று. எச்.ஐ.வி. உள்ள ஆணுக்கும் பெண்ணுக்கும் அவரே முன்னின்று திருமணம் பேசி முடித்துவைத்தார். அப்பொருத்தத்தில் கல்வியும் வருவாயும் மட்டுமன்றி, வெள்ளணுக் கணக்கும் குருதியிலுள்ள வைரஸின் அளவும் பார்க்கப்பட்டன. ஒதுக்கப்பட்ட இருவர் இணைந்து, மருந்துண்டு, நோயற்ற பிள்ளையைப் பெற்று வளர்க்க வழி உண்டாயிற்று. இரத்தம் பார்த்துப் பெண் கொடுப்பதென்றால், சகோதரர்களே, இவ்வாறன்றோ பார்த்தல் வேண்டும்!

அணுவைப் பிரித்தவர்கள் அறிவதற்காகப் பிரித்தனர். அறிந்ததைக் கொண்டு உயிரைச் சேர்த்தனர். நாமோ அறியாமலே பிரிக்கின்றோம். பிரித்தபின் அறியவும் மறுக்கின்றோம். தோட்டத்திலும் பட்டணத்திலும் உள்ள நம் இளைஞர்கள் இரத்த தானத்துக்கும் இரத்தச் சோதனைக்கும் அஞ்சாது முன்வருதல் வேண்டும். நோயுற்றவர் வீட்டுக்கு நாம் சென்று, அவர் தரும் தேநீரை அவர் குவளையிலேயே அருந்துதல் வேண்டும். கலியாணப் பேச்சில் 'எங்கள் ரத்தம்' என்று எவரேனும் தொடங்குவாராயின், அதில் எத்தனை வகை அணுக்கள் உள, அவை எங்கே பிறக்கின்றன என்று அவரை மரியாதையாகக் கேளுங்கள். விடை தெரியாவிடில் நீங்களே சொல்லுங்கள்.